கேட்போர் கடன்: யாழ்ப்பாணத்து மேள இசையின் மீட்சி குறித்த ஓர் அறவியல் நோக்கு

இன்று பல சைவக் கோயில்களிலே பூசை வேளையில் ஒரு பொத்தான் அழுத்தப்படுகின்றது. உடனே, சுவரோரத்தில் வைக்கப்பெற்ற மின்னியந்திரம் ஒன்று முரசையும் மணியையும் தாளத்தையும் ஒருசேர அடிக்கத் தொடங்குகின்றது. தீபாராதனை முடிந்ததும் அதே பொத்தானால் ஓசை நிறுத்தப்படுகின்றது. இவ்வியந்திரம் காலந் தவறுவதில்லை, சம்பளம் கேட்பதில்லை, துடக்கென்று சொல்லி வராது நிற்பதுமில்லை. இதனை வாங்கி வைத்தவரைப் பழிப்பது எளிது. ஆயின், நித்திய பூசைக்கு வேண்டிய நெய்யையும் அரிசியையும் திரட்டவே இடர்ப்படும் சிறு கோயிலொன்றின் தருமகர்த்தா, நாள்தோறும் நாதஸ்வரமும் தவிலும் அமர்த்தி வைத்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று. இயந்திரத்தின்மீது கொள்ளும் சினத்தைக் காட்டிலும் அது எழுப்பும் வினாவே பயனுடையது. அவ்விடத்தில் முன்னர் நின்று வாசித்த மனிதன் யாருக்காக வாசித்தான்?

இறைவனுக்காக என்பது உடனே தோன்றும் விடை. வாத்தியம் இறைவனுக்கு ஆற்றும் உபசாரங்களுள் ஒன்று. உபசாரம் ஒருவர் மனமுவந்து செய்வது, தானே நிகழ்வதன்று. ஆதலின் இயந்திரத்தின் ஓசை உபசாரமாகாது என வாதிடலாம். ஆனால், நெய்விளக்கின் இடத்தில் மின்விளக்கு எரிவதை ஏற்றுக்கொண்ட சமூகம் இவ்வாதத்தை நெடுந்தூரம் கொண்டுசெல்ல இயலாது. பிழைப்புக்காக என்பது இன்னொரு விடை. அதுவும் உண்மையே. எனினும் பிழைப்பு ஒன்றே நோக்கமெனின், வேறு நல்ல பிழைப்புக் கிடைத்தவிடத்து இவ்விசை ஓய்ந்துபோவதையிட்டு எவரும் வருந்துவதற்கில்லை. எஞ்சியிருப்பது, கேட்போருக்காக என்னும் விடை. மேள இசையை மீட்கவேண்டுமென்று பேசுவோர் கலைஞரைப் பற்றியும் கருவியைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் நிறையவே பேசுகின்றனர். கேட்போரைப் பற்றிப் பேசுவது அரிது. நல்ல இசை இருப்பின் கேட்போர் தாமே வந்து சேர்வர் என்ற எண்ணம் அப்பேச்சுக்களின் அடியில் இருக்கின்றது. யாழ்ப்பாணத்துப் பெரியமேளத்தின் வரலாறு இவ்வெண்ணத்தை ஐயுற வைக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் தஞ்சைப் பகுதியிலிருந்து நாதஸ்வர, தவில் கலைஞர் யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களுக்கு வரவழைக்கப்பட்டனர். சிலர் இங்கேயே தங்கினர். இங்குள்ள கலைக் குடும்பங்களோடு மணவுறவு கொண்டனர். இணுவில், அளவெட்டி, சாவகச்சேரி முதலிய ஊர்களின் பெயர் இசையோடு சேர்த்துச் சொல்லப்படும் நிலை இவ்வாறு உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலம் வெளியிலிருந்து இசையைப் பெறும் இடமாக மட்டும் இருக்கவில்லை. தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழகத்தின் முன்னணி நாதஸ்வரக் கலைஞர் பலருக்கு வாசித்தார். அவரது பெயருக்கு முன்னால் ‘யாழ்ப்பாணம்’ என்பது அடைமொழியாகவே நின்றது. அளவெட்டி என். கே. பத்மநாதன், சாவகச்சேரி கே. எம். பஞ்சாபிகேசன் ஆகியோரின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறையொன்று இன்றும் இருக்கின்றது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களைக் கொண்டிருந்த சிறிய குடாநாடொன்று இத்தகைய கலைஞரை எவ்வாறு தாங்கிற்று என்பது வியப்புக்குரியது. செல்வத்தினால் என்று கூறுதல் போதாது. தஞ்சையின் நெல்வயல்களோ செட்டிநாட்டின் வணிகமோ இங்கு இருக்கவில்லை.

இதற்கான விடையை அக்காலத் திருவிழா இரவுகளிலே தேடவேண்டும். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்துக்கோ, ஒரு வட்டாரத்துக்கோ, ஒரு தொழிற் கூட்டத்துக்கோ உரிய உபயம். நேற்றைய உபயகாரர் நான்கு கூட்டம் மேளம் பிடித்தால் இன்றைய உபயகாரர் எட்டுக் கூட்டம் பிடிப்பர். போட்டியும் பெருமையும் இதில் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. சுவாமி உள்வீதி வலம்வந்து வெளிவீதிக்கு வரும். மல்லாரி முடிந்து, வடக்கு வீதியிலோ மேற்கு வீதியிலோ சுவாமி இருப்புக்கு வந்ததும் மேளச்சமா தொடங்கும். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் கலைஞர் வட்டமாக நிற்பர், பிற்காலத்தில் அமர்வர். மக்கள் மணலில் குந்தியிருப்பர். பத்து மைலுக்கு அப்பாலிருந்து சைக்கிளில் வந்தோரும், தோட்டத்துக்கு இறைத்துவிட்டு நேரே வந்தோரும், குழந்தையைச் சேலைத் தலைப்பில் உறங்க வைத்த தாய்மாரும் அக்கூட்டத்தில் இருப்பர். ஓர் இராக ஆலாபனை ஒருமணி நேரத்தைக் கடப்பதுண்டு. பின்னர் பல்லவி, அதன்பின் தனித்தவில். கிழக்கு வெளுக்கும்போதும் கூட்டம் கலைந்திராது.

இவர்களுட் பெரும்பாலோர் இசை கற்றவரல்லர். சுரம் எழுதிய புத்தகத்தைக் கண்டிராதவர். ஆனால் தோடிக்கும் சிந்துபைரவிக்கும் வேற்றுமை தெரியும். தொடையிலே தாளம் தப்பாது. தவில்காரர் ஒரு கணக்கை மூன்று காலத்திலும் வைத்து, மிச்ரத்திலும் கண்டத்திலும் திருப்பி, முத்தாய்ப்புக்குக் கொண்டுவரும்போது, அது எங்கே வந்து விழும் என்பதை அம்மணலில் இருப்போர் முன்கூட்டியே உணர்ந்து காத்திருப்பர். விழுந்த கணத்தில் எழும் ‘ஆகா’ என்னும் ஒலி அறிந்தோர் எழுப்பும் ஒலி. முன்வரிசையிலிருக்கும் ஒரு முதியவர் தலையசைக்காவிட்டால் அன்று தமக்கு வாசிப்பு அமையவில்லை எனக் கலைஞர் கருதியதுண்டு. தவிலின் பலாமரக் கொட்டும், வலந்தலையில் விழும் கூடணிந்த விரல்களும், இடந்தலையில் விழும் கழியும் வெளிவீதியின் திறந்த வெளிக்கென்றே அமைந்தவை. அவ்வோசை நான்கு சுவருக்குள் அடங்குவதன்று. அது ஓர் ஊரையே கேட்போராக்கிக் கொள்வது.

இங்கே ஓர் உண்மை புலப்படுகின்றது. மேளச்சமாவில் கலைஞர் வாசிக்கின்றார், மக்கள் கேட்கின்றனர் என்று கூறுவது பாதியே. மக்களின் கேட்டலையும் கலைஞர் கேட்டுக்கொண்டிருக்கின்றார். அவர்களது மௌனத்தின் அடர்த்தியை, அசைவை, அலுப்பை, எதிர்பார்ப்பை அளந்தே அடுத்த பிடியை எடுக்கின்றார். இராகத்தை இன்னும் நீட்டலாமா, இறக்கிவிடலாமா என்பது அவ்விடத்திலேயே, அவ்விரு தரப்பாருக்குமிடையே தீர்மானமாகின்றது. நேரில் நிகழும் இசையின் தனித்தன்மை இதுவே: அதில் கேட்போனும் கேட்கப்படுகின்றான். இசைத்தட்டும் ஒலிநாடாவும் கைத்தொலைபேசியிலுள்ள காணொளியும் நாதத்தைச் செம்மையாகவே காத்துத் தருகின்றன. தட்சிணாமூர்த்தியின் விரல்கள் ஓய்ந்து அரை நூற்றாண்டு சென்றபின்னும் அவ்வொலியைக் கேட்கமுடிவது சிறிய பேறன்று. ஆனால் அவ்வொலிப்பதிவு கேட்போனுக்காக ஒரு கணமும் தாமதிப்பதில்லை. அவன் எழுந்து போனாலும் அதற்குத் தெரியாது.

வால்ரர் பெஞ்சமின் 1936இல் வெளியான தமது புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திர மறுவுற்பத்தியினால் கலைப்பொருள் தன் இடத்தையும் காலத்தையும் சார்ந்த ஒருமைத் தன்மையை, அதனைச் சூழ்ந்த ஒளிவட்டத்தை, இழந்துவிடுகின்றது என்றார். இக்கருத்தை எடுத்தாள்வோர் பலர் பெஞ்சமின் அவ்விழப்புக்காகப் புலம்பினார் என்பதுபோல எழுதுவர். அவர் புலம்பவில்லை. சடங்கின் பிடியிலிருந்தும், அதனை உடைமையாகக் கொண்டோரின் பிடியிலிருந்தும் கலை விடுபட்டு மக்களிடம் வருவதற்கு அவ்விழப்பு வழிதிறக்கும் என்ற நம்பிக்கையும் அவரிடம் இருந்தது. யாழ்ப்பாணத்து மேளத்தைப் பற்றி எண்ணும்போது பெஞ்சமினின் இவ்விரண்டாம் பக்கத்தையே முதலில் மனங்கொள்ள வேண்டும். ஏனெனில், மேலே வருணிக்கப்பட்ட இரவு அழகியதாயினும் குற்றமற்றதன்று.

அம்மணலில் எல்லோரும் இருக்கவில்லை. சாதி காரணமாக ஒருவரைப் பொது இடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. பெரிய கோயில்கள் பலவற்றின் திருவிழாவிலே சமூகத்தின் ஒரு பகுதியினர் எல்லைக்கு அப்பால் நின்றே மேளத்தைக் கேட்டனர். நாதஸ்வரத்தின் ஒலி மதிலைக் கடந்து சென்றது. அவர்கள் உள்ளே வர இயலவில்லை. அப்பால் நின்றோரிடையேயும் தலைசிறந்த சுவைஞர் இருந்திருப்பர். அவர்களுடைய தலையசைப்பைக் கலைஞர் கண்டிருக்க வாய்ப்பில்லை.

கலைஞரின் நிலையும் வேறு வகையில் இக்கட்டானது. தங்கப் பதக்கமும் பொன்னாடையும் பெற்ற அவர், அதே உபயகாரரின் வீட்டு விறாந்தையில் எங்கே இருக்கலாம், எந்தப் பந்தியில் உண்ணலாம் என்பன முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. தமிழகத்தில் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம்பிள்ளை (1898–1956) போன்றோர் நாதஸ்வரக் கலைஞருக்கு மேடையிலும் சபையிலும் சமமதிப்பு வேண்டுமென்று பிடிவாதம் காட்டினர். அப்பிடிவாதத்தை அகந்தை என்று கதைகதையாகச் சொல்லிச் சுவைத்தோரே மிகுதி. பிடிவாதத்துக்கான காரணத்தைக் கேட்டோர் குறைவு. ஒருவரது கையிலுள்ள கலையை வணங்கிக்கொண்டே அவரைத் தாழ்வாக நடத்துவது எவ்வாறு இயன்றது என்பது ஆராயத்தக்கது. கலையை மனிதனிடமிருந்து பிரித்து, அதனைத் தெய்வத்தின் அருள் என்றோ குலத்தின் சொத்து என்றோ பெயரிட்டுவிட்டால் அது இயலும். ‘கைவந்த கலை’, ‘இரத்தத்தில் ஊறியது’ என்னும் பாராட்டுரைகள் கலைஞனின் உழைப்பை, அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும் அவனது சாதகத்தை, அவனிடமிருந்து பறித்துக்கொள்கின்றன.

ஆதலின் ‘அந்தப் பொற்காலத்தை மீட்போம்’ என்னும் குரல் எழும்போது, எதனை மீட்பது என்ற எதிர்வினா தவிர்க்கவியலாதது. அக்கேட்டலைத் தாங்கி நின்ற ஏற்பாடும், அவ்விழிவைத் தாங்கி நின்ற ஏற்பாடும் ஒன்றே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் களையமுடியுமா என்பதே மேள இசையின் மீட்சியில் அடங்கியுள்ள அறப் பிரச்சினை. இதனை எதிர்கொள்ளாத மீட்சித் திட்டங்கள் எல்லாம் பொன்னாடையோடு முடிந்துவிடும்.

நலிவு எவ்வாறு நேர்ந்தது என்பதை நீட்டி உரைக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கி வந்தது, சினிமாப் பாடல் இசைக்குழுக்கள் திருவிழா மேடையில் இடம் பிடித்தன. இவற்றால் மேளம் ஒதுங்கியதேயன்றி ஒழியவில்லை. போரே இரவைப் பறித்தது. ஊரடங்குச் சட்டம் உள்ள ஊரில் விடியவிடியத் திருவிழா நடவாது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்ந்தனர். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவில் காலியாயிற்று. ஆச்சா மரத்தில் கடைந்த நாதஸ்வரம் தஞ்சைப் பகுதியின் நரசிங்கம்பேட்டையிலிருந்தும், சீவாளி காவிரிக்கரை நாணலிலிருந்தும் வரவேண்டியவை. கடல்வழி அடைபட்ட ஆண்டுகளில் ஒரு சீவாளியை எத்தனை நாள் வைத்து வாசிப்பது என்பதே கவலையாயிற்று. கலைஞர் சிலர் கொழும்புக்கும், சிலர் தமிழகத்துக்கும், பலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றனர். எல்லாவற்றையும்விட, மணலில் இருந்த கூட்டம் சிதறிற்று. மேளக்காரன் புலம்பெயர்ந்த இடத்திலும் கருவியைக் கொண்டுசெல்லலாம். கேட்கும் ஊரை எவரும் கொண்டுசெல்ல இயலாது.

2009இன் பின்னர்த் திருவிழாக்கள் மீண்டன. முன்னிலும் பெருகின என்றே சொல்லவேண்டும். புலம்பெயர்ந்தோரின் பணத்தில் கோபுரங்கள் உயர்ந்தன. நல்லூரின் 25 நாட் பெருவிழாவுக்கு உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். பத்து, இருபது தவில்கள் ஒருங்கே முழங்கும் பெருமேளங்களும் நடைபெறுகின்றன. இளங்கலைஞர்கள் பலர் விரல்வேகத்தில் முன்னோருக்குக் குறைந்தவரல்லர். ஆகவே கலை நலிந்துவிட்டது என்று எண்ணிக்கையைக் காட்டி நிறுவ முயல்வோர் தோற்பர். நலிந்தது வேறொன்று. கூட்டம் நின்றுகொண்டே கேட்கின்றது; கைகள் தாளம் போடவில்லை, தொலைபேசியை உயர்த்திப் பிடிக்கின்றன. ஆலாபனை ஐந்து நிமிடத்தைக் கடந்ததும் துண்டுச்சீட்டு வருகின்றது; அதில் அவ்வாண்டு வெளிவந்த சினிமாப் பாட்டின் முதலடி எழுதப்பட்டிருக்கின்றது. கலைஞர் வாசிக்கின்றார்; ஆரவாரம் எழுகின்றது. பின்னர், ‘மேளகாரர் மரபைக் கெடுத்துவிட்டனர்’ என்று ஆண்டுமலர்களில் கட்டுரை எழுதப்படுகின்றது. சீட்டெழுதிய கையைப் பற்றி அக்கட்டுரைகள் ஒன்றும் சொல்வதில்லை. அன்றைய கலைஞரும் பின்னிரவில் மகுடியும் நொட்டுசுரமும் வாசித்துக் கூட்டத்தை மகிழ்வித்தவரே. அவற்றின் முன்னே ஒரு மணி நேரத் தோடி இருந்தது என்பதே வேறுபாடு.

‘இரசனையில் கட்டாயம் உண்டா? ஒருவருக்குப் பிடிக்காததைக் கேட்கவேண்டுமென்று எந்த அறம் விதிக்கும்?’ என்று கேட்கலாம். இது வலிமையுள்ள மறுப்பு. மகிழ்ச்சியைக் கடமையாக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் மகிழ்வதும் மகிழத் தகுதிபெறுவதும் வேறு. ஒரு மொழியை விரும்பவேண்டுமென்று எவரையும் பணிக்கமுடியாது. எனினும், அதனைக் கல்லாதவரின் வெறுப்பையோ விருப்பையோ அம்மொழி பற்றிய தீர்ப்பாக எவரும் கொள்வதில்லை. இராகத்தைக் கேட்டறியும் செவி பிறப்பில் அமைவதன்று. மணலில் இருந்த உழவனுக்கு அது வாய்த்தது, சிறுவயது முதல் ஆண்டுக்குப் பல இரவுகள் அவன் அங்கே இருந்தமையால். திருக்குறளில் ‘கேள்வி’ என ஓர் அதிகாரமே உண்டு. அது இசை கேட்டலைப் பற்றியதன்று, அறிவுடையோர் சொற் கேட்டலைப் பற்றியது. எனினும் கேட்டல் என்பதை முயன்று தேடவேண்டிய ஒரு செல்வமாக அது கொள்வது இங்கும் பொருந்தும்.

மற்றொரு மறுப்பும் உண்டு. கலை என்னும் அருவப் பொருளுக்கு எவரும் கடன்படுவதில்லை. மனிதர் மனிதருக்கே கடன்படுகின்றனர் என்பர் சிலர். இதனை முழுமையாக ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் பிரச்சினை தெளிவடைகின்றது. ‘கலையைக் காப்பாற்று’ என்னும் வேண்டுகோள் நடைமுறையில் யாரை நோக்கி விடுக்கப்படுகின்றது? தவில்காரரின் மகனை நோக்கி. அவன் படித்து வங்கியிலோ பாடசாலையிலோ உத்தியோகம் பெற விரும்பினால், ‘பரம்பரைக் கலையைக் கைவிடுகின்றான்’ என்று ஊர் வருந்துகின்றது. மருத்துவரின் மகன் பொறியியலாளனானால் அவ்வாறு வருந்துவோர் இல்லை. ஒரு சமூகம் முழுவதுக்கும் உரியது என்று கொண்டாடப்படும் செல்வத்தைப் பேணும் செலவை ஒரு சிறு கூட்டத்தாரின் பிள்ளைகள் மட்டும் தம் வாழ்நாளால் செலுத்தவேண்டும் என எதிர்பார்ப்பது பழைய சாதிக் கட்டளையின் புதிய வடிவமே. அது பண்பாட்டுப் பற்று என்னும் நல்ல உடையில் வருவதால் அடையாளம் காண்பது கடினமாக இருக்கின்றது.

மேள இசை தமிழர் அனைவரின் சொத்தாயின் அதனைக் கற்கும் பொறுப்பும் அனைவருக்கும் உரியதாதல் வேண்டும். இங்கேதான் பேச்சுக்கும் செயலுக்கும் உள்ள தூரம் தெரிகின்றது. வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகள் வாய்ப்பாட்டிலும் வயலினிலும் வீணையிலும் மிருதங்கத்திலும் தோற்றுகின்றனர். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கற்ற இசையாசிரியர் பரம்பரையொன்று அதனால் தோன்றிற்று. இவை பெரும் பணிகள். ஆயினும், தவிலின் மாட்சியைப் பற்றி மேடையில் உருக்கமாகப் பேசும் பெரியவர் தம் மகனுக்கு வாங்கிக் கொடுப்பது மிருதங்கமே. இரண்டும் தோற்கருவி, இரண்டுக்கும் தாளக்கணக்கு ஒன்றே. ஒன்று கச்சேரி மேடைக்கு உரியது, மற்றது இன்ன குலத்துக்கு உரியது என்ற எண்ணத்தைத் தவிர இவ்வேற்றுமைக்கு இசை சார்ந்த காரணம் காண்பது அரிது. துணியும் பசையும் கொண்டு இறுக்கிய கூட்டைத் தம் பிள்ளையின் விரலில் மாட்ட முன்வரும் மருத்துவர் எத்தனை பேர், விரிவுரையாளர் எத்தனை பேர் என்று எண்ணிப்பார்த்தால், மீட்சி பற்றிய சொற்பொழிவுகளின் எடை தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் இல்லாமலில்லை. பரம்பரைக் கல்வியின் ஆழத்தை வகுப்பறையால் ஈடுசெய்ய முடியுமா என்ற ஐயம் நேர்மையானது. நடக்கத் தொடங்குமுன்பே கொன்னக்கோலைக் கேட்டு, ஆறு வயதில் திண்ணையில் பலகையைத் தட்டிப் பழகி, பத்து வயதில் தகப்பனோடு திருவிழாவுக்குச் சென்று தாளம் போட்ட பிள்ளைக்குக் கிடைப்பது, வாரத்துக்கு இருமுறை நாற்பது நிமிடம் கற்கும் பிள்ளைக்குக் கிடைக்காது. குலத்தின் தளை அறுபடும்போது அதனுள் வளர்ந்த சில நுட்பங்களும் அறுபடலாம். அவ்விழப்பைச் சிறிதென்று கூறுவது பொய். ஆனால் அதன்பொருட்டு எந்தப் பிள்ளையையும் பிறப்பினால் ஒரு தொழிலில் கட்டிவைக்க உரிமை இல்லை என்பதும் உறுதி. இரண்டுக்கும் நடுவே ஏதேனும் செய்யத்தக்கதாயின், அது விரும்பி இத்தொழிலில் நிற்பவருக்கு அதில் நிற்கக்கூடிய வருவாயையும் மதிப்பையும் உறுதிசெய்து, அவர் வீட்டுத் திண்ணையை எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுவதே.

மீட்சிக்கு முன்மாதிரி இங்கே இல்லாமற் போகவில்லை. சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் சிங்கள நாடகத்தில் ஏற்படுத்திய விழிப்பின் பின்னர், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ (1967) ஆகிய கூத்துக்களை மேடையேற்றினார். விடியவிடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. கூத்தென்றால் முகஞ்சுளித்த படித்தோர் அதனைத் தமதென்று ஏற்றனர். பட்டதாரி ஒருவன் கால்களில் சதங்கை கட்டி ஆடியது அன்று சிறு புரட்சியே. இந்த வகையில் வித்தியானந்தன் செய்தது கூத்துக்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கும் செய்த பணி. எனினும் மண்டபத்துக் கூத்தும் ஊர்க்களரிக் கூத்தும் அதன்பின் இரு வழியாகச் சென்றன. முன்னதன் புகழ் பின்னதன் அண்ணாவியாருக்கு எவ்வளவு போய்ச்சேர்ந்தது என்ற வினா பின்வந்த ஆய்வாளரிடையே எழுந்தவாறே உள்ளது.

மேளத்தையும் அவ்வாறு மண்டபத்துக்குக் கொண்டுவரலாமே என்பர். கொண்டுவந்தும் இருக்கின்றனர். குளிரூட்டிய அரங்கில், ஒலிவாங்கியின் முன்னே, ஒன்றரை மணி நேரத்தில் முடியும் நாதஸ்வரக் கச்சேரி இனிமையாகவே இருக்கின்றது. அதில் சாதி சொல்லி எவரையும் வெளியே நிறுத்துவதில்லை, நுழைவுச்சீட்டு நிறுத்துகின்றது. ஆனால் மேளம் மண்டபத்தில் தன் உடலைச் சுருக்கிக்கொள்ள நேர்கின்றது. திறந்த வெளியும் நீண்ட இரவும் சுவாமியின் இருப்பும் அதற்குப் பின்னணியல்ல, அதன் இலக்கணத்தின் பகுதி. வீதி நான்குக்கும் உரிய நடை வேறுவேறு. தேர் அசையும்போது தேர் மல்லாரி, சுவாமி பள்ளியறைக்குச் செல்கையில் நீலாம்பரி. வீதியே இன்றி இவற்றை வாசிக்கலாம், ஆனால் ஏன் அவ்வேளையில் அது என்பது விளங்காது. ஆகவே மண்டபம் ஒரு துணைவழியாகலாம். மீட்சியின் இடம் வீதியே. பண்டைய மதில்களின்றி அவ்வீதி அமையவேண்டும்.

செய்யத்தக்கவை பெரிய செலவுள்ளவையல்ல. உபயகாரர் ஒருவர் வாணவேடிக்கைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மேளத்துக்கு ஒதுக்கி, அன்றிரவு இரண்டு மணி நேரம் துண்டுச்சீட்டு இல்லை என்று அறிவிக்கலாம். கலைஞருக்கு மண்டபத்தினுள்ளே எல்லோரோடும் ஒரே பந்தியில் இலைபோடலாம். இன்னும் சில இடங்களில் இதற்கும் துணிவு வேண்டியிருக்கின்றது என்பது வெட்கத்துக்குரியது. பாடசாலையில் இசை கற்பிக்கும் ஆசிரியர், மாணவர் இருபது பேரை ஓர் இரவு வெளிவீதிக்கு அழைத்துச் சென்று, பல்லவியின் தாளத்தைக் கையிலே எண்ணச் செய்யலாம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுவிழாவில் மங்கள இசை என்று பத்து நிமிடம் ஒதுக்கி, அதுவும் விருந்தினர் வரும்வரை நேரத்தைப் போக்குவதற்காக, மேளகாரரை வாசலிலே நிறுத்தும் வழக்கத்தை எண்ணிப்பார்க்கலாம். பிரதம விருந்தினர் வந்ததும் கையசைத்து நாதஸ்வரத்தை இடையிலே நிறுத்தும் காட்சி எந்த விழாவிலும் காணக்கூடியதே. பேச்சாளர் ஒருவரை அவ்வாறு நடுவாக்கியத்தில் நிறுத்துவதற்கு எவரும் துணியார்.

திருவிழா முடிந்து, கூட்டம் கச்சான் கடைகளுக்கும் பேருந்துக்கும் கலைந்த பின்னர், சுவாமி உள்ளே செல்லும் வேளையில் மேளம் இன்னொரு முறை வாசிக்கும். அவ்வேளையில் வீதியில் எஞ்சியிருப்போர் பத்துப் பதினைந்து பேர். ஒலிபெருக்கி நிறுத்தப்பட்டிருக்கும். நாதஸ்வரக்காரர் களைத்திருப்பார், இரண்டு வரியில் முடித்துக்கொண்டு வாகனத்தில் ஏறினாலும் கேட்பாரில்லை. ஆயினும் வாயிலில் சீவாளியை வைத்து ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, கண்ணை உயர்த்தி அப்பத்துப் பேரையும் ஒருதரம் நோக்குவார். அவர்களில் எவரேனும் தூணோரம் அமர்ந்து, சால்வையை மடியிலிட்டு, தொடையிலே விரல்வைத்துத் தாளத்துக்கு ஆயத்தமாக இருப்பதைக் கண்டால், நீலாம்பரி அன்று அரைமணி நேரம் போகும்.